ஐந்தொகையில் ஏறாத முதல்



வாணிபம் செய்வோர்க்குச் சமூகத்தின்பால் உள்ள பொறுப்பு யாது என்று வினவினால், பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றுண்டு. நேர்மையாக இலாபம் ஈட்டுக. ஈட்டியதில் ஒரு பகுதியைக் கோயிலுக்கும் பாடசாலைக்கும் இல்லாதோர்க்கும் ஈக என்பதே அது. நல்ல விடைதான், நம் முன்னோர் போற்றிய அறமும் அதுவே. ஆயினும் அஃது ஈகைக்கு இலக்கணம் கூறுகின்றதேயொழிய, முகாமைக்கு இலக்கணம் கூறவில்லை. இலாபத்தை எவ்வாறு பங்கிடுவது என்று எண்ணுமுன், அந்த இலாபம் எதிலிருந்து வந்தது என்று கேட்டல் வேண்டும். உழைப்பினால் விளைந்த பயனா? அல்லது முதலையே சிறிது சிறிதாக அரிந்தெடுத்து இலாபம் என்று பெயரிட்டுக்கொண்டோமா? இவ்வினாவையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

இதனைப் பொதுப்படக் கூறினால் விளங்காது. ஆதலால் நம் நாட்டின் தேயிலைத் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் தொழில் அது. செங்குத்தான மலைச்சரிவிலே நடப்பது. தொழில் செய்வோர் அத்தொழில் நடக்கும் இடத்திலேயே தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பது. எனவே ஒரு நிறுவனம் மண்ணுக்கு இழைக்கும் நன்மையும் தீமையும், மக்களுக்கு இழைக்கும் நன்மையும் தீமையும், வேறெங்கும் காணாத தெளிவோடு அங்கே கண்முன் தோன்றும்.

முதலில் இரு சொற்களுக்குப் பொருள் கொள்வோம். நிலைபேறு என்பது ஒன்று. சமூகப் பொறுப்பு என்பது மற்றொன்று. 1987ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் புரூண்ட்லாந்து அம்மையார் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, நிலைபேறான அபிவிருத்திக்கு ஒரு வரைவிலக்கணம் தந்தது. இன்றைய தேவையை நிறைவேற்றும்போது, நாளை வருவோர் தம் தேவையை நிறைவேற்றும் ஆற்றலைக் கெடுக்கலாகாது என்பதே அதன் சாரம். நம் கமக்காரனுக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எத்துணை வறுமை வந்தாலும் விதைநெல்லில் அவன் கைவைப்பதில்லை. விதைநெல்லைக் குற்றிச் சமைத்தால் அன்றைய பசி தீரும். அடுத்த போகம் இல்லாமற் போகும். சமூகப் பொறுப்பு என்பதும் இதன் மறுபக்கமே. தன் தொழிலால் பயன்பெறுவோர் மாத்திரமன்றி, அதன் பாரத்தைச் சுமப்போரும் தன் கணக்குக்கு உட்பட்டவரே என்று ஒரு நிறுவனம் ஏற்றுக்கொள்ளுதல்.

இவ்விரண்டையும் மறந்ததனால் நேர்ந்த கேட்டை இந்நாடு ஒருமுறை கண்டிருக்கின்றது. தேயிலைக்கு முன் நம் மலைகளை ஆண்டது கோப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காடுகள் மளமளவென்று வெட்டப்பட்டன. 1870களின் இறுதியில் கோப்பி பயிரான நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. ஆனால் 1869ஆம் ஆண்டிலேயே இலையில் செம்மஞ்சட் புள்ளியாக ஒரு பூஞ்சண நோய் தோன்றியிருந்தது. மலைக்கு மலை இடையீடின்றி ஒரே பயிர் நின்றமையால் அந்நோய்க்குத் தடையேதும் இருக்கவில்லை. விளைச்சல் குன்றியபோதும், விலை உயர்ந்திருந்தமையால் மேலும் மேலும் காட்டை அழித்துக் கோப்பி நட்டனர். இருபதாண்டுகளுக்குள் அந்தப் பெருந்தொழில் மடிந்தது. தோட்டங்கள் கைமாறின, வங்கியும் முறிந்தது, வேலையிழந்த தொழிலாளர் பலர் வந்த வழியே திரும்பினர். ஆண்டுக் கணக்கில் இலாபம் காட்டிய நாட்களிலேயே அழிவும் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது என்பதே கோப்பியின் பாடம்.

ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பி வீழ்ந்ததும் அத்தேயிலையே மலையெங்கும் பரவிற்று. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. பயிர் மாறிற்றேயன்றி, மண்ணைப் பற்றிய மனப்பான்மை உடனே மாறவில்லை. பூண்டுகள் ஒன்றுமின்றி மண் வெறுமையாகத் தெரியுமாறு சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று அக்காலத்துத் துரைமார் கருதினர். பார்வைக்கு அது சுத்தம். ஆனால் சரிவான நிலத்தில் போர்வையற்ற மண்மீது பருவமழை அறைந்து விழுந்தால் நிகழ்வது என்ன? மழைத்துளி மண்ணைப் பொடியாக்குகின்றது. ஓடும் நீர் அதனை வாரிச் செல்கின்றது. உரமிகுந்த மேல்மண் ஆற்றிலே சேர்ந்து, கீழ்நாட்டு வாய்க்கால்களையும் நீர்த்தேக்கங்களையும் தூர்க்கின்றது. ஓரங்குல மேல்மண் உண்டாவதற்கு நூற்றாண்டுகள் வேண்டும். அதனை இழப்பதற்கோ சில மாரிகள் போதும்.

இக்கேட்டைத் தடுக்கும் வழிகள் நெடுங்காலமாகவே அறியப்பட்டவை. 1925இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அவற்றைக் கூறிவந்துள்ளது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. சரிவுக்குக் குறுக்கே சமவுயரத்தில் கான் வெட்டி, அதனுள் இடையிடையே குழி விட்டால், நீர் தங்கி வண்டல் படியும். கற்கட்டு எழுப்பலாம். நிழல்மரம் வைத்து அதன் இலையைக் கழித்து நிலத்தில் மூடாக்காக இடலாம். கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளைகளை விறகுக்கு அள்ளிச் செல்லாமல் நிரையிடையே விட்டுவைக்கலாம். மூப்படைந்த தேயிலையைப் பிடுங்கிய பின், உடனே மறுபடி நடாமல், ஒன்றரை ஆண்டு தொடக்கம் இரண்டாண்டு வரை குவாட்டமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ வளர்த்து, மண்ணுக்கு ஓய்வும் உரமும் அளிக்கலாம். இவற்றுள் ஒன்றேனும் அரிய வித்தையன்று. அரியது எதுவெனின், இவை அனைத்துக்கும் இன்றைக்குப் பணம் வேண்டும். பயனோ பல்லாண்டு கழிந்தே தெரியும் என்பதே.

இங்கேதான் கணக்குப் புத்தகம் வந்து குறுக்கே நிற்கின்றது. ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு தோட்டத்து முகாமையாளரிடம் இவ்வாண்டு செலவைக் குறைக்குமாறு தலைமைக் காரியாலயம் கட்டளையிடுகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எதனைக் குறைப்பார்? கொழுந்து பறிப்பதை நிறுத்த முடியாது. ஆலைக்கு விறகு வாங்காதிருக்க முடியாது. ஆகவே கான் வெட்டும் வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவார். முள்ளுக்குத்தி மண்ணைத் தளர்த்துவதை நிறுத்துவார். லயத்தின் ஓட்டைக் கூரை பின்னர் பார்க்கப்படும். பிள்ளைக்காம்பராவில் இரண்டு ஆயாமார் இருந்த இடத்தில் ஒருவர் போதும் என்பார். ஆண்டிறுதியில் இலாப நட்டக் கணக்கைப் பாருங்கள்: இலாபம் கூடியிருக்கும். முகாமையாளர் திறமைசாலி எனப் பாராட்டுப் பெறுவார். இரண்டாம் ஆண்டும் அவ்வாறே. ஐந்தாம் ஆண்டில் விளைச்சல் குன்றும். இளைஞர் தோட்டத்தை விட்டுப் போயிருப்பர். அப்போது அவர் வேறு தோட்டத்துக்கு மாற்றமாகியிருப்பார். குறை புதிதாக வந்தவர்மேல் விழும்.

அம்முகாமையாளர் தீயவர் அல்லர். கணக்குமுறை எதனைக் காட்டுகின்றதோ அதனையே அவர் பேணினார். ஒரு தோட்டக் கம்பனியின் ஐந்தொகையைப் புரட்டிப் பாருங்கள். ஆலை அங்கே சொத்தாகத் தோன்றும், இயந்திரம் தோன்றும், அவற்றுக்கு ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கப்படும். தேயிலைச் செடியும் சொத்தாகத் தோன்றும். புதிதாக நட்டு வளர்க்கும் செலவு மூலதனச் செலவாகவே எழுதப்படும். ஆனால் அச்செடி வேரூன்றி நிற்கும் மண்ணின் வளம் எவ்விடத்திலும் இல்லை. மண் ஓரடி கரைந்து போனாலும் அதற்குத் தேய்மானம் கழிப்பார் எவருமில்லை. கொழுந்து பறிக்கும் கையின் திறனும் அங்கு இல்லை. தொழிலாளி ஐந்தொகையிலே தலைகாட்டும் இடம் பெரும்பாலும் ஒன்றே: வேலையை விட்டு நீங்கும்போது கொடுக்கவேண்டிய பணிக்கொடை, கம்பனியின் கடனாக எழுதப்பட்டிருக்கும். உழைக்கும் நாளெல்லாம் செலவாகவும், ஓயும் நாளிலே கடனாகவுமே அவர் கணக்கில் ஏறுகின்றார். முதலாக ஒருநாளும் ஏறுவதில்லை. எது முதலாக எழுதப்படுகின்றதோ அதனைப் பேணுவதும், எது செலவாக எழுதப்படுகின்றதோ அதனைக் குறைப்பதும் முகாமையின் இயல்பு.

இதனோடு காலம் என்னும் சிக்கலும் சேர்கின்றது. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தின் வழியே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகையாக்கப்பட்டது. அக்குத்தகை 2045ஆம் ஆண்டில் முடிவடைவது. தேயிலையை மீள்நடுகை செய்வதாயின், மண்ணுக்கு ஓய்வளிக்கும் காலமும் செடி பறிப்புக்கு வரும் காலமும் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகள் வருமானமில்லை. அதன்பின் செடி முப்பது நாற்பது ஆண்டுகள் பயன்தரும். ஆண்டுதோறும் நூற்றுக்கு 2 வீதமான நிலமேனும் மீள்நடுகை செய்யப்பட வேண்டும் என்பது அறிஞர் கூறிவரும் அளவு. பல தோட்டங்கள் அவ்வளவை எட்டவில்லை. குத்தகையின் இறுதி நெருங்க நெருங்க, தான் நட்டதை வேறொருவர் பறிப்பார் என்ற எண்ணம் மேலோங்குவதில் வியப்பில்லை. ஆதலால் குத்தகைப் பத்திரத்திலேயே இதற்கு வழி செய்தல் வேண்டும். குத்தகை முடியும் நாளில் நிலத்தின் நிலையை மதிப்பிட்டு, வளர்த்தவர்க்கு ஈடு அளிப்பதும், கெடுத்தவரிடம் ஈடு கொள்வதும் முறையாகும். வீட்டை வாடகைக்கு விடும் சாதாரண மனிதரும் இத்துணை முன்யோசனை செய்கின்றனர் அன்றோ?

இனி மக்களைப் பற்றிப் பேசுவோம். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இம்மலைகளில் வாழத் தொடங்கி 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். அவர்களுக்கென அன்று கட்டப்பட்ட லயத்தின் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அத்தகைய லயங்களிலே இன்னும் பல குடும்பங்கள் வாழ்கின்றன. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீடு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 17 வீதம் என்று கண்டது. தோட்டப்புறத்திலோ அது ஏறக்குறைய 32 வீதம். கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் சுமந்து சரிவேறும் தாயின் பிள்ளையே இவ்வாறு குன்றி வளர்கின்றது என்பதை நினைவிற் கொள்க.

அவ்வறையும் அப்பசியும் அத்தாயின் துயர் மட்டுமே என்று எண்ணற்க. தொழிலின் துயரும் அதுவே. ஈரிலையும் ஓர் அரும்புமாகப் பறிக்கப்படும் கொழுந்து, ஏறக்குறைய நான்கரைக் கிலோ சேர்ந்தால் ஒரு கிலோ தேயிலை ஆகும். ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலையும் பறிக்கப்பட வேண்டும். ஆள் குறைந்தால் அச்சுற்று பத்து நாளாகும், பன்னிரண்டு நாளாகும். இலை முற்றும், தேயிலையின் தரம் தாழும், கொழும்பு ஏலத்தில் விலையும் தாழும். 1992இல் கம்பனித் தோட்டங்களில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். பின்னர் அத்தொகை பாதிக்கும் கீழே இறங்கிற்று. கொழும்புக் கடைகளையும் ஆடைத் தொழிற்சாலைகளையும் மத்திய கிழக்கையும் நாடி இளையோர் போகின்றனர். அவர்கள் தேயிலையை வெறுத்துப் போகவில்லை. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படும் முறையையும், குறித்த கிலோ நிறையவில்லையாயின் அரைப்பேர் போடும் முறையையும், தமக்கென ஒரு முற்றமில்லாத வாழ்வையும் விட்டே போகின்றனர்.

கூலியின் வரலாற்றையும் பாருங்கள். நாட்கூலி 1,000 ரூபா வேண்டுமென்ற கோரிக்கை பல ஆண்டு இழுபட்டு, 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நாட்டைப் பற்றிய பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் விலையேறி, அவ்வுயர்வை விழுங்கிவிட்டன. 2024இல் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக உயர்ந்தது. இதிலே கம்பனிகளின் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் வேண்டும். தேயிலையின் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேற்பட்டது கூலியே. விலையை நிர்ணயிப்பதோ ஏலமும் உலகச் சந்தையும் என்று அவர்கள் கூறுவர். அது மெய்யே. ஆனால் அதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கலாம். கூலியை இயன்றவரை தாழ்வாக வைக்கவேண்டும் என்பது ஒன்று. ஒரு நாள் உழைப்பின் பயன் உயருமாறு மீள்நடுகையும், நல்ல கருவியும், பயிற்சியும், உடல்நலமும் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது விதைநெல்லை உண்பது; பின்னது விதைப்பது.

இந்த எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஸ்கொத்லாந்தின் நியூ லானார்க் என்னும் ஊரிலே 1800ஆம் ஆண்டு பஞ்சாலையின் முகாமையை ஏற்றவர் றொபட் ஓவன். உயிரற்ற இயந்திரத்துக்கு எண்ணெயிட்டுப் பேணும் முதலாளிமார், உயிருள்ள இயந்திரமாகிய மனிதரைப் பேணினால் எத்துணைப் பயன் விளையும் என்று அவர் தம் சக முதலாளிகளை வினவினார். பத்து வயதுக்குட்பட்ட சிறுவரை ஆலையில் சேர்க்க மறுத்தார். 1816இல் அவர்களுக்கென்று கல்விக்கூடம் திறந்தார். அமெரிக்கப் பஞ்சு வரவு தடைப்பட்டு ஆலை நான்கு மாதம் ஓய்ந்திருந்த காலத்திலும் தொழிலாளர்க்கு முழுக்கூலி கொடுத்தார். இத்தனையும் செய்த ஆலை நட்டமடையவில்லை. நல்ல இலாபமே ஈட்டிற்று. ஓவன் செய்ததைத் தருமம் என்று சொல்வாருண்டு. அவர் தம் கணக்கை மற்றவரிலும் நீண்டகாலத்துக்கு எழுதினார் என்பதே பொருத்தமாகும்.

தோட்டக் கம்பனியின் பொறுப்பு மற்றைய கம்பனிகளின் பொறுப்பிலும் பெரிதாயிருப்பதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. கொழும்பிலுள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர், மாலையில் வீடு திரும்பியதும் ஒரு நகரசபையின் குடிமகனாகின்றார். அவர் வீதிக்கும் விளக்குக்கும் குடிநீருக்கும் அந்நகரசபை பொறுப்பு. தோட்டத் தொழிலாளியின் நிலை அவ்வாறன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று; அக்குறை முற்றாக நீங்கப் பல பத்தாண்டுகள் சென்றன. குடியுரிமை கிடைத்த பின்னரும், தோட்டத்து நிலம் தோட்டத்துக்கே உரியதென்ற காரணத்தால் பிரதேச சபையின் பணம் அங்கே செல்வதற்குச் சட்டத் தடை இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அத்தடை நீங்கிற்று. ஆகவே வீடும் வீதியும் மருந்தும் நீரும் ஒரே துரையின் கையில் இருந்தன. ஒருவரிடம் அத்தனை அதிகாரம் இருந்தால் பொறுப்பும் அத்தனையே இருத்தல் வேண்டும். 1992இல் அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று வழங்கும் அமைப்பை உருவாக்கின. தனிவீடு கட்டும் திட்டங்களும், குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்ற கொள்கையும் வந்தன. எனினும் பொறுப்பு மூவர்க்குப் பகிரப்படும்போது, எவர்க்கும் உரியதாகாமற் போகும் அபாயமும் உண்டு.

அந்த அபாயத்தின் பெயர் மீரியபெத்தை. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தையை அடுத்த அத்தோட்டத்திலே, 2014ஆம் ஆண்டு ஒக்தோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பினர். வீடு திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் மலையடியில் இருந்தனர். போவதற்கு மாற்று நிலமும் வீடும் இல்லாதவரிடம் "விலகிச் செல்க" என்று கூறுவதால் பயன் என்ன? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோதும் மலைநாட்டு மாவட்டங்கள் பலவற்றில் மண்சரிவுகள் உயிர்களைப் பறித்தன. மண்ணைப் பேணுவதும் மக்களைப் பேணுவதும் இருவேறு பணிகள் என்று கருதுவோர் இவ்விடங்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

நிலைபேற்றை நாடுவோர் செய்யக்கூடிய மற்றொரு பிழையையும் இங்கே சொல்லவேண்டும். அது அவசரம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டது. மண்ணின் நலம் நாடும் நோக்கம் என்று கூறப்பட்டது. ஆனால் வாரந்தோறும் இலையைப் பறித்தெடுக்கும் பயிருக்கு, எடுத்த நைதரசனை ஏதேனும் ஒரு வழியில் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். அதற்குப் போதிய சேதனப் பசளை நாட்டில் இருக்கவில்லை; ஆயத்தமும் இருக்கவில்லை. அவ்வாண்டு இறுதிக்குள்ளேயே தடை நீக்கப்பட்டபோதிலும், பசளையின் விலையும் நாட்டின் நெருக்கடியும் சேர்ந்துகொண்டன. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடியளவுக்கு வீழ்ந்தது. பல்லாண்டில் கெட்ட மண்ணை ஒரு கட்டளையால் திருத்த இயலாது. நிலைபேறு என்பது பொறுமையோடு ஆண்டாண்டாகச் செய்யும் வேலை.

வெளிநாட்டுக் கொள்வனவாளர் கேட்பதனால் இன்று பல தோட்டங்கள் ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ், பெயார்ட்ரேட் போன்ற அமைப்புகளின் சான்றிதழைப் பெற்றுள்ளன. இவற்றால் நன்மை உண்டு. மருந்து தெளிப்போர்க்குக் காப்பங்கி கிடைத்தது, நீரோடையின் கரையில் மரம் நிற்கின்றது, பதிவேடு ஒழுங்காயிற்று. எனினும் பரிசோதகர் வரும் நாள் ஆண்டில் சில நாட்களே. சான்றிதழ் என்பது வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டைப் போன்றது. மருந்தை உண்ணவேண்டியவர் நோயாளியே. அன்றியும் சான்றிதழ் பெறும் செலவைத் தோட்டம் ஏற்கின்றது. அதனால் கிடைக்கும் கூடுதல் விலையோ பல வேளைகளில் அற்பம். தேநீர் அருந்துவோர் மலிவையே நாடி, அதே வேளையில் மனச்சாட்சியையும் நாடினால், அந்த விலைக் குறைவை எங்கோ ஒரு மலையில் ஒரு பெண் தன் முதுகிலே சுமக்கின்றாள்.

அவ்வாறாயின் முகாமையாளர் செய்யத்தக்கது யாது? நான்கு செயல்களைக் கூறலாம்.

முதலாவது, ஆண்டுக் கணக்கோடு மற்றொரு கணக்கும் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் மண்ணின் சேதனப் பொருள் எவ்வளவு, கான் எவ்வளவு நீளம் துப்புரவானது, மீள்நடுகை எத்தனை ஏக்கர், வேலையை விட்டு நீங்கியோர் எத்தனை பேர், பிள்ளைக்காம்பராவில் நிறை குறைந்த பிள்ளைகள் எத்தனை என்பன அதிலே இடம்பெற வேண்டும். அளந்து எழுதாத பொருளை எவரும் பேணுவதில்லை.

இரண்டாவது, முகாமையாளரின் திறமையை ஓராண்டு இலாபத்தைக் கொண்டு மாத்திரம் மதிப்பிடலாகாது. அவர் பொறுப்பேற்ற நாளில் தோட்டம் எந்நிலையில் இருந்தது, கையளித்த நாளில் எந்நிலையில் இருந்தது என்பதே உரைகல்லாதல் வேண்டும்.

மூன்றாவது, தொழிலாளரின் சொல்லுக்கு இடமளித்தல். எந்தக் கானில் நீர் உடைக்கின்றது, எந்த மலையில் வெடிப்புத் தோன்றியிருக்கின்றது என்பதைக் காரியாலயம் அறியுமுன் கொழுந்து பறிக்கும் பெண் அறிவாள். தோட்டத்தில் பெரும்பாலான வேலையைச் செய்வோர் பெண்களாயிருக்க, முடிவு செய்யும் மேசையில் அவர்கள் அரிதாகவே காணப்படுகின்றனர். சில தோட்டங்களில் தேயிலைக் காணியைக் குடும்பங்களிடம் பிரித்துக் கொடுத்து, விளைந்த கொழுந்துக்கு விலை கொடுக்கும் முறை நடைபெறுகின்றது. தன் காணி என்ற உணர்வு வந்தால் மண்ணும் பேணப்படும் என்பது இதன் நன்மை. ஆயின் ஊழியர் சேமலாப நிதி முதலிய உரிமைகளை இழக்கச் செய்யும் சூழ்ச்சியாக அது மாறலாகாது. உரிமையும் காணியும் சேர்ந்து கிடைத்தாலன்றி அம்முறை நிலைக்காது.

நான்காவது, கம்பனி தன்னால் இயலாததை மறைக்காமல் அரசிடமும் கொள்வனவாளரிடமும் கூறவேண்டும். ஆபத்தான சரிவிலுள்ள லயங்களை அப்புறப்படுத்தல் ஒரு தோட்டத்தால் மாத்திரம் ஆகக்கூடியதன்று. ஆனால் அச்சரிவுகளின் பட்டியலை வெளியிட்டு, ஆண்டுதோறும் அதிலே எத்தனை குறைந்தன என்று அறிவித்தல் எந்தக் கம்பனியாலும் ஆகும்.

நேயர்களே, இவை தேயிலைக்கு மாத்திரம் உரியன அல்ல. ஆடைத் தொழிற்சாலைக்குத் தையற் பெண்ணின் கண்ணொளி முதல். மீன்பிடிக் கம்பனிக்குக் கடலில் வளரும் குஞ்சுகள் முதல். யாழ்ப்பாணத்துப் புகையிலை, வெங்காயக் கமக்காரனுக்குக் கிணற்றின் நன்னீர் முதல். அம்முதலை எழுதுவதற்கு ஐந்தொகையில் நிரை இல்லை என்பதனால் அது இல்லாமற் போய்விடுவதில்லை. எழுதாது விட்ட கடனும் கடனே. அதனை ஒருநாள் ஆறு வந்து கேட்கும், அல்லது மலை வந்து கேட்கும். ஓராண்டு வணிகம் செய்து ஊரைவிட்டுப் போகிறவர்க்கு இக்கணக்கு வேண்டியதில்லை. மலையில் நிலைத்துத் தொழில் செய்ய விரும்புவோர் இவ்வாண்டிலிருந்தே அதனை எழுதத் தொடங்குதல் நன்று.